ரியல் மெக்காய்: தண்ணீர் கலக்காத கடத்தல்காரர் கதையில் எவ்வளவு தண்ணீர்?

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க மதுவிலக்கு என்றாலே எல்லாருக்கும் கும்பல் தலைவன் அல் கபோன்தான் ஞாபகம் வருகிறார். தொப்பி, சுருட்டு, துப்பாக்கி. எனக்குப் பிடித்த ஆள் வேறு. பில் மெக்காய். கையில் துப்பாக்கி தூக்கிய கதை இல்லை, கும்பல் இல்லை. பாய்மரக் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் நியூயார்க் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, கடை விரித்த மனிதர்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிறந்தது 1877இல், நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில். சின்ன வயதிலேயே பயிற்சிக் கப்பலில் சேர்ந்து கடல் தொழில் கற்றார். பிறகு குடும்பம் ஃப்ளோரிடாவில் ஹாலி ஹில் என்ற ஊருக்குப் போய்விட்டது. சகோதரர் பென்னோடு சேர்ந்து படகு கட்டுவது, படகில் ஆள்களையும் சரக்கையும் ஏற்றுவது என்று பிழைப்பு ஓடியது. சாலையும் பஸ்ஸும் வந்ததும் படகுத் தொழில் படுத்தது. அந்த நேரத்தில்தான், 1920 ஜனவரி 17, நாடு முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

அண்ணன் தம்பி இருவரும் இருந்ததை விற்று, மாசசூசெட்ஸில் க்ளாஸ்டர் துறைமுகத்துக்குப் போய் ‘ஹென்றி எல். மார்ஷல்’ என்ற மீன்பிடிப் பாய்மரக் கப்பலை வாங்கினார்கள். பஹாமாஸின் நஸாவில் 1,500 பெட்டி விஸ்கி ஏற்றி ஜார்ஜியாவின் சவானா பக்கம் இறக்கியது முதல் நடை. பெட்டிக்குப் பத்து டாலர் வீதம் 15,000 டாலர் கிடைத்ததாக மெக்காய் சொல்லியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. ‘அரெதூஸா’ என்ற இன்னும் பெரிய, இன்னும் வேகமான கப்பலை வாங்கி, பிரிட்டிஷ் கொடியின் கீழ் பதிவு செய்து, ஊர் ஆற்றின் பெயரான ‘டொமோக்கா’வை அதற்கு வைத்தார்.

கதையின் இனிப்பான பகுதி இனிமேல்தான். எல்லாரும் தண்ணீர் கலந்து, சாயம் கலந்து, போலி லேபிள் ஒட்டி விற்ற காலத்தில் இவர் மட்டும் பாட்டிலைத் தொடவே இல்லையாம். அதனால் நல்ல சரக்குக்கு ‘ரியல் மெக்காய்’ (அசல் மெக்காய்; போலி இல்லாத எதற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொல்) என்று பெயர் வந்ததாம். கூடுதல் அழகு, அவர் குடிக்கவே மாட்டாராம். இதெல்லாம் நிஜமா? தெரிந்தவர்கள் வாருங்கள்.

சொல்வேட்டை

முதலில் அந்தச் சொல்லை உடைத்துவிடுகிறேன். மன்னிக்கவும், அண்ணா.

‘ரியல் மெக்காய்’ என்பது பில் மெக்காயிடமிருந்து வரவில்லை. ஸ்காட்லாந்தில் 1856ஆம் வருஷத்துக் கவிதை ஒன்றிலேயே ‘ரியல் மெக்கே’ வந்துவிட்டது. வேடிக்கை, அங்கேயும் பேச்சு ஒரு சொட்டு விஸ்கியைப் பற்றித்தான். 1870 வாக்கில் ஜி. மெக்கே என்ற எடின்பரோ விஸ்கி வியாபாரிகள் அதையே விளம்பர வாசகமாக எடுத்துக்கொண்டார்கள். ‘மெக்காய்’ என்ற எழுத்தோடு 1881இல் கனடாவில் அச்சான ஒரு நாவலிலும் இருக்கிறது. அப்போது நம்ம ஆளுக்கு வயது நான்கு.

இடையில் இந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். ரயில் எஞ்சினுக்கு ஓட்டத்திலேயே எண்ணெய் விடும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்ற கறுப்பின எஞ்சினியர் எலைஜா மெக்காய் ஒருவர். ‘கிட் மெக்காய்’ என்ற பெயரில் ஆடிய குத்துச்சண்டை வீரர் இன்னொருவர். அமெரிக்காவில் யாரைக் கேட்கிறீர்களோ அவர் ஊர் மெக்காயைக் காட்டுவார்கள்.

உப்புக்காற்று

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஊரில் உலவிய சொல் இவர் மேல் போய் ஒட்டிக்கொண்டதே, அதற்கு ஒரு காரணம் வேண்டாமா?

சொல்வேட்டை

ஒட்டியது உண்மை. ஒட்டவைத்ததில் அவருக்கே பங்கு உண்டு. 1931இல் அவர் சொல்லச் சொல்ல ஒரு பத்திரிகையாளர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே அந்தச் சொல்தான். அவரைப் பற்றி நாம் படிக்கும் கதைகளில் பெரும்பகுதி அதிலிருந்து கிளம்பியவை. கலப்படம் செய்யவில்லை என்பதற்கு முதல் சாட்சி யார்? விற்றவர். சந்தையில் எந்த வியாபாரி தன் கத்தரிக்காய் சொத்தை என்று சொல்லியிருக்கிறார்?

இரவுராந்தல்

ஹாஹா. கத்தரிக்காய் உதாரணத்துக்கு ஒரு லைக். ஆனால் ஒரு சந்தேகம். கடலில் நங்கூரம் போட்டு பகிரங்கமாக விற்றார் என்கிறீர்களே, போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

கடலோடி68

இதற்கு நான் பதில் சொல்கிறேன். 30 வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தவன்.

அந்தக் காலத்தில் ஒரு நாட்டின் கடல் எல்லை மூன்று மைல். கரையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தூரம் என்று பழைய கணக்கு. அதற்கு அந்தப் பக்கம் பொதுக்கடல். நஸாவில் விஸ்கி வாங்குவது சட்டப்படி சரி. காகிதத்தில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் போகிறேன் என்று எழுதிக் கிளம்புவதும் சரி. நியூஜெர்சிக்கு எதிரே நாலைந்து மைலில் நங்கூரம் போட்டு நிற்பதும் அன்றைய சட்டப்படி குற்றமில்லை என்று இவர்கள் வாதம். கொடி பிரிட்டிஷ் கொடி, கேட்க வேண்டுமா? வாங்குகிறவன் வேகப் படகில் வருவான். அந்த மூன்று மைலைத் தாண்டிக் கரை சேர்ப்பது அவன் தலைவலி.

மெக்காய் மாதிரி ஆள்கள் வழி காட்டியதும் மற்றவர்களும் வந்து வரிசையாக நின்றார்கள். அதற்கு ‘ரம் வரிசை’ என்று பெயர். பெயர்தான் ரம், அதிகம் விற்றது விஸ்கி. ராத்திரியில் விளக்குப் போட்டுக்கொண்டு கடலில் ஒரு கடைத்தெரு நின்றதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாங்க வருகிற சாக்கில் ஏறிக் கொள்ளையடித்துவிட்டுப் போகிற கூட்டமும் இருந்தது. அதனால் சரக்குக் கப்பல்களில் ஆயுதம் வைத்துக்கொண்டார்கள். டொமோக்காவிலும் ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்தது. ‘துப்பாக்கி தூக்காதவர்’ என்று இழையின் தொடக்கத்தில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள், தம்பி.

இன்னொன்று. மீன்பிடிப் பாய்மரக் கப்பலை ஏன் தேடிப் போய் வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லையே? க்ளாஸ்டர் கப்பல்கள் தூரக் கடலில் மீன் பிடித்துவிட்டு ஓடி வருவதற்காகக் கட்டப்பட்டவை. முதலில் வந்து சேர்கிறவனுக்குத்தான் சந்தையில் விலை. வேகமும் வேண்டும், வயிறும் பெரிதாக வேண்டும், குளிர்காலப் புயலில் நங்கூரத்தில் நின்றாலும் தாங்க வேண்டும். மூன்றும் அதில் இருந்தது. தொழில் தெரிந்தவன் தேர்வு.

மண்டிக்காரன்

நான் நெல் மண்டி வைத்திருப்பவன், கப்பல் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இவர் பாட்டில் கட்டிய விதத்தைப் படித்ததிலிருந்து கை ஊறுகிறது. மரப்பெட்டியை உடைத்துப் போட்டுவிட்டு, ஆறு ஆறு பாட்டிலாக வைக்கோல் சுற்றி, அடியில் மூன்று, மேலே இரண்டு, உச்சியில் ஒன்று என்று அடுக்கி, சாக்குத் துணியில் இறுக்கித் தைத்துவிடுவாராம். அதற்கு ‘ஹாம்’ என்று பெயர். பன்றித் தொடை மாதிரி தெரிந்திருக்கும் போல. ‘பர்லாக்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். இந்த யோசனை அவருடையதுதான் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். கிழிந்த சாக்குக்கு இங்கே பஞ்சமா?

கோர்ட்டுவாசல்

கடலோடி சார் சொன்ன மூன்று மைல் கதைக்கு ஒரு பின்குறிப்பு. அந்தப் பாதுகாப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. 1921 ஆகஸ்டில் ஹென்றி எல். மார்ஷலை ‘செனிகா’ என்ற கடலோரக் காவல் கப்பல் பிடித்தது. பிடித்த இடம் மூன்று மைலுக்கு வெளியே, பறந்தது பிரிட்டிஷ் கொடி. இருந்தும் அந்தப் பறிமுதல் கோர்ட்டில் நின்றது. வெளியே நின்றாலும் கரையோடு சேர்ந்து சதி செய்தால் கை எட்டும் என்ற பக்கம் சட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. மெக்காய் அந்தக் கப்பலில் இல்லை. ஆனால் அதோடு அவர் பெயரும் அரசாங்கத்தின் கையில் சிக்கியது.

பிறகு 1924இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. மைல் கணக்கை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் கப்பல் கரைக்கு வரக்கூடிய தூரம் என்று எல்லையை மாற்றினார்கள். வேகமான கப்பல் என்றால் அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். வேகம்தான் பலம் என்று வாங்கிய கப்பலுக்கு வேகமே வினை! நல்ல வேளை, அதற்குள் மெக்காய் ஆட்டத்தை விட்டே போயிருந்தார்.

இரவுராந்தல்

விட்டுப் போனாரா, பிடித்தார்களா?

கடலோடி68

பிடித்தார்கள். 1923 நவம்பர், நியூஜெர்சியில் சீபிரைட்டுக்கு எதிரே. மறுபடியும் அதே செனிகா.

அவர் சொல்கிற கதை சினிமா மாதிரி இருக்கும். சோதனை போட வந்த அதிகாரியும் சிப்பாய்களும் டொமோக்கா மேல் ஏறியதும், இவர் பாய் விரித்து அவர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அவர்கள் கெஞ்சிய பிறகே நிறுத்தித் திருப்பி அனுப்பினாராம். அதன்பிறகு செனிகா நாலு அங்குலக் குண்டுகளைச் சுட ஆரம்பித்ததும் சரணடைந்தார். கெஞ்சினார்கள் என்பது அவர் வாய்மொழி. குண்டு சுட்டதில் சந்தேகமில்லை. பாய் என்னதான் காற்றுப் பிடித்தாலும் குண்டோடு போட்டி போட முடியாது.

கோர்ட்டில் என்ன வாதம் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். என்னிடம் சோகக் கதை எதுவும் இல்லை, மூன்று மைலுக்கு வெளியே நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் விஸ்கி விற்றேன், நல்ல விஸ்கி. இந்தக் கருத்தில்தான் சொன்னார். அந்த ‘நல்ல’வைக் கவனியுங்கள். மாட்டிக்கொண்ட நேரத்திலும் சரக்கின் தரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

சொல்வேட்டை

விளம்பரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் சொல்லலாம்.

ரசாயனவாத்தியார்

தாமதமாக வருகிறேன். இந்த ‘நல்ல சரக்கு’ விஷயத்தில் எல்லாரும் கப்பலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கரையைப் பாருங்கள்.

மெக்காய் சீல் உடைக்காமல் விற்றார் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாட்டில் வேகப் படகுக்காரன் கைக்குப் போகிறது. அங்கிருந்து லாரிக்காரன், மொத்த வியாபாரி, பிறகு ரகசிய மதுக்கடை. இந்த இரண்டாவது மூன்றாவது கையில்தான் ‘வெட்டு’ நடக்கும். ஒரு பாட்டில் அசல் விஸ்கியோடு ஸ்பிரிட்டும் தண்ணீரும் சேர்த்து, எரித்த சர்க்கரையில் நிறம் கொடுத்து, மூன்று பாட்டிலாக்கிவிடுவார்கள். லேபிளும் கார்க்கும் அச்சடிக்கத் தனித் தொழில் இருந்தது. ஆகவே அசலானது டொமோக்காவின் விளிம்பு வரைக்கும் அசல். நியூயார்க்கில் மேசையில் வந்த கிளாஸுக்கு மெக்காய் எப்படிப் பொறுப்பேற்பார்?

அந்த ஸ்பிரிட் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் மோசம். பெயின்டுக்கும் வார்னிஷுக்கும் ஆகும் தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் குடிக்க முடியாதபடி கெடுத்து விடச் சொல்லி அரசாங்க உத்தரவு. மெத்தில் ஆல்கஹால் அதில் முக்கியமான சேர்மானம். கடத்தல்காரர்கள் அதைத் திருடி, காய்ச்சி வடித்து விற்றார்கள். வடிப்பதில் எல்லாம் போய்விடாது, இரண்டும் கொதிக்கிற சூடு ரொம்பத் தள்ளி இல்லை. 1926 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் கண் போனவர்களும் செத்தவர்களுமாகக் குவிந்தார்கள். நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், தெரிந்தே அரசாங்கம் விஷம் கலக்கிறது என்று வெளிப்படையாகச் சண்டை போட்டார். அரசாங்கமோ அதற்கப்புறம் மெத்திலின் அளவைக் கூட்டியது.

1930இல் இன்னொரு கொடுமை. ‘ஜேக்’ என்று ஏழைகள் குடித்த இஞ்சி டானிக். மருந்து என்ற பெயரில் கடையில் கிடைக்கும், உள்ளே முக்கால்வாசி ஆல்கஹால். அரசாங்கச் சோதனையை ஏமாற்றுவதற்காக அதில் ஒரு பிளாஸ்டிக் ரசாயனத்தைச் சேர்த்தார்கள். அது நரம்பைத் தின்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கால் விழுந்துபோய், பாதத்தைத் தூக்கித் தரையில் அறைகிற மாதிரி நடந்தார்கள். தெருவில் அந்த நடைச் சத்தத்தைக் கேட்டே இன்ன வியாதி என்று சொல்லிவிடலாமாம்.

இப்படி ஒரு ஊரில் ‘இது மெக்காய் சரக்கு’ என்று ஒருவன் சொன்னால் அதை நம்பத்தான் எல்லாருக்கும் ஆசையாக இருந்திருக்கும். அண்ணன் கேட்ட ‘ஏன் ஒட்டியது’ என்ற கேள்விக்கு என் பதில் இது.

உப்புக்காற்று

வாத்தியாரே, இந்தப் பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண் போகவில்லை.

பச்சைமட்டை

நம்ம ஊரிலும் 1937இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி கொண்டுவந்தாரே, அப்போது ஊறல் போட்டவர்கள் கதை...

மட்டுறுத்துநர்

பச்சைமட்டை, சேலம் மதுவிலக்குக்கு ஏற்கெனவே 40 பக்கத்துக்கு ஒரு இழை ஓடுகிறது. அங்கே போடுங்கள், நானும் படிக்கிறேன். இங்கே அமெரிக்கக் கரை மட்டும்.

கோர்ட்டுவாசல்

‘நேர்மையான கடத்தல்காரர்’ பட்டத்துக்கு இன்னொரு போட்டியாளரைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ராய் ஓம்ஸ்டெட், சியாட்டில். ஆள் போலீஸ் லெப்டினன்ட்! 1920இல் கனடா சரக்கு இறக்கும்போது பிடிபட்டு, அபராதம் கட்டி, வேலை போய், ‘அப்பாடா’ என்று முழுநேரமாகவே இறங்கிவிட்டார். அவரும் கலப்படம் செய்யவில்லை, ஆள்களைத் துப்பாக்கி எடுத்துவர விடவில்லை என்று ஊரில் பெயர்.

இவரைச் சுற்றியும் ஒரு கட்டுக்கதை உண்டு. வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் நடந்தது. ராத்திரி அவர் மனைவி அதில் குழந்தைகளுக்குக் கதை படிப்பார். கதைக்குள்ளே படகுகளுக்கு ரகசியச் செய்தி போனது என்பார்கள். கேட்க ஜோராக இருக்கிறது, நிரூபிக்கப்பட்டதே இல்லை.

ஆனால் அவர் வழக்கு கட்டுக்கதை இல்லை. போனை ஒட்டுக்கேட்டுத்தான் மாட்டவைத்தார்கள். வாரன்ட் இல்லை. 1928இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ‘அது தப்பில்லை’ என்றது. நீதிபதி பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில்தான், யாரும் தலையிடாமல் தனியாக விடப்படும் உரிமை பற்றிய புகழ்பெற்ற வரி வருகிறது. 1967இல் அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே கைவிட்டது. கள்ளக்கடத்தல்காரர் ஒருவர் போனில் பேசிய பேச்சு, அமெரிக்கர்களின் அந்தரங்க உரிமைக்கு ஆரம்பப்புள்ளி! மெக்காய் விட்டுப்போனது ஒரு சொல். அதுவும் இரவல்.

கடலோடி68

கப்பலையும் சட்டத்தையும் ஒரே தராசில் போடாதீர்கள், ஐயா.

மண்டிக்காரன்

வந்துவிட்டேன். கட்டிப் பார்த்தாயிற்று.

பழைய பேப்பர் கடையில் ஒரே அளவுப் பாட்டில் பன்னிரண்டு வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். தண்ணீர் நிரப்பி மூடினேன். வைக்கோலைத் தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் பதமாக்கிக்கொள்ள வேண்டும், காய்ந்ததாக இருந்தால் உடைந்து பொடியாகி அடியில் போய்விடுகிறது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனியாகப் பிரி சுற்றி, மூன்று, இரண்டு, ஒன்று என்று அடுக்கினேன். இரண்டு முறை உருண்டு சரிந்தது. அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. சாக்கைக் கீழே விரித்து அதன் மேலேயே அடுக்கி, இரு பக்கமும் தூக்கி உச்சிப் பாட்டிலின் முதுகில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டும். பிடிக்க ஒரு ஆள், கோணி ஊசியும் சணலுமாகத் தைக்க ஒரு ஆள். என் மகன் பிடித்தான், முனகிக்கொண்டே.

தைத்து முடித்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது. குலுக்கினால் சத்தமே இல்லை. எடை போட்டேன், ஏழரைக் கிலோ. ஒரு கையால் தூக்கி எறியலாம், எதிரில் நிற்கிறவன் மார்போடு பிடிக்கலாம். மரப்பெட்டியை அப்படி எறிய முடியுமா? ஆடுகிற கடலில், இருட்டில், பக்கத்துப் படகுக்கு மாற்ற வேண்டும் என்றால் இதுதான் சரி.

பிறகு இரண்டு மூட்டையையும் அட்டி போட்டுப் பார்த்தேன். ஒன்றை நேராக வைத்து, அடுத்ததைத் தலைகீழாகப் பக்கத்தில் செருகினால் இடைவெளியே இல்லாமல் உட்காருகிறது. டேப் வைத்து அளந்ததில், பன்னிரண்டு பாட்டில் மரப்பெட்டி அடைக்கிற இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மூன்று நடை போக வேண்டிய சரக்கை இரண்டு நடையில் முடிக்கலாம். சொல் அவருடையதோ இல்லையோ, இந்தக் கட்டு போட்டவன் சரக்கு ஏற்றி இறக்கி முதுகு வலித்தவன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரவுராந்தல்

படம் எங்கே அண்ணே? படம் போடாமல் நம்ப மாட்டோம்.

சொல்வேட்டை

இந்த ஒரு சாட்சியை ஏற்றுக்கொள்கிறேன். விற்றவர் வாக்குமூலம் இல்லை, சாக்கின் வாக்குமூலம்.

உப்புக்காற்று

கடைசியில் அவர் என்ன ஆனார் என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நியூஜெர்சியில் ஒன்பது மாதம் சிறை. வெளியே வந்தபோது தொழில் கும்பல்களின் கைக்குப் போய்விட்டது. கடலோரக் காவலுக்கும் கடற்படையின் பழைய நாசகாரிக் கப்பல்கள் வந்து சேர்ந்துவிட்டன. தனி ஆளாகப் பாய்மரத்தில் போய்க் கடை விரிக்கிற காலம் முடிந்தது. ஃப்ளோரிடாவுக்குத் திரும்பி நிலம் வாங்கி விற்றார், படகு கட்டினார். மதுவிலக்கு 1933 டிசம்பர் 5இல் ஒழிந்தது. அவர் 1948 டிசம்பர் 30இல் இறந்தார், வயது 71. கடைசிவரை படகுப் பிழைப்புதான்.

மண்டிக்காரன்

படம் நாளைக்கு. ஒரு மூட்டையை மகன் மாட்டுத் தொட்டியில் போட்டுப் பார்த்தான், நேரே அடிக்குப் போய்விட்டது. காவல் கப்பலைக் கண்டு கடலில் வீசினால் திரும்ப எடுக்க என்ன செய்தார்கள்?

கடலோடி68

உப்பு. மூட்டையோடு ஒரு மிதவையையும் அதை அமிழ்த்துகிற கனத்துக்கு ஒரு உப்புப் பையையும் கட்டி விடுவார்கள். எல்லாம் சேர்ந்து மூழ்கும். சில மணி நேரத்தில் உப்பு கரைந்ததும் மிதவை மேலே வந்து இடத்தைக் காட்டும். இதை மெக்காய் செய்தாரா என்று கேட்காதீர்கள், பின்னால் வந்தவர்கள் வித்தை.

மண்டிக்காரன்

கல்லுப்பா, தூளுப்பா?